எடிட்டிங்ல ஒரே இடத்தை திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்க லூப் ப்ளேபேக் செட் பண்றது எப்படி

ஒரு கட், அதாவது ஒரு க்ளிப் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடம், சரியா விழுதா இல்லையான்னு பாக்க ஸ்பேஸ் பாரைத் தட்டி, நிறுத்தி, ப்ளேஹெட்டை (டைம்லைன்ல இப்ப எந்த இடம்னு காட்டுற கோடு) மவுஸால பின்னாடி இழுத்து, மறுபடி ஸ்பேஸ் தட்டின்னு நிறைய பேர் இப்படியே மணிக்கணக்கா உக்காந்திருக்காங்க. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ப்ளேஹெட் வேற வேற இடத்துல போய் நிக்கும், ஒரு தடவை கட்டுக்கு ஒரு செகண்ட் முன்னாடி, அடுத்த தடவை நாலு செகண்ட் முன்னாடி, அப்புறம் எப்படி போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் வித்தியாசம் தெரியும்? லூப் போட்டுட்டா அதே அஞ்சு செகண்ட் அதே இடத்துல ஆரம்பிச்சு அதே இடத்துல முடியும், ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும், கலரையோ சவுண்டையோ மாத்திக்கிட்டே பாக்கலாம்.

ஆனா எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "லூப் பட்டனை அமுக்கிட்டேன், இன் அவுட்டும் (ஆரம்ப மார்க்கும் முடிவு மார்க்கும்) வெச்சிருக்கேன், அப்படியும் முழு டைம்லைனும் ஓடுது, ஏன்?" இதுக்குப் பதில் தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சது. லூப் ஓட மூணு விஷயம் சேரணும். எங்கேருந்து எங்க வரைக்கும்ங்கற ரேஞ்ச் வேணும், லூப் ஸ்விட்ச் ஆன்ல இருக்கணும், அப்புறம் "இந்த ரேஞ்சை மட்டும் ஓட்டு"ன்னு சொல்ற ப்ளே கமாண்டைத் தட்டணும். மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, ஏன்னா ப்ளேன்னா ஸ்பேஸ் பார்தான்னு கை பழகிப்போச்சு. நிறைய சாஃப்ட்வேர்ல ஸ்பேஸ் பாருக்கு இன் அவுட் பத்தி எந்தக் கவலையும் கிடையாது, அது பாட்டுக்கு ப்ளேஹெட் இருக்குற இடத்துலேருந்து கடைசி வரைக்கும் போயிட்டு மறுபடி ஆரம்பத்துக்கு வரும். அதுவும் லூப்தான், நமக்கு வேண்டிய லூப் இல்ல, அவ்வளவுதான்.

ப்ரீமியர் ப்ரோ

முதல்ல லூப் பட்டனையே தேடணும், ஏன்னா அது ப்ரோக்ராம் மானிட்டர் கீழ எடுத்த எடுப்புல இருக்காது. மானிட்டரோட வலது கீழ் மூலையில ஒரு ப்ளஸ் குறி இருக்கும், அதை அமுக்கினா பட்டன் எடிட்டர் திறக்கும், அதுல லூப் ப்ளேபேக் பட்டனைப் புடிச்சு கீழ இருக்குற பட்டன் வரிசையில போட்டுட்டு ஓகே குடுங்க. எது லூப் பட்டன்னு தெரியலைன்னா ஒவ்வொண்ணு மேலயும் மவுஸை வெச்சா பேரைக் காட்டும். அங்க இருக்கும்போதே ப்ளே இன் டு அவுட் பட்டனையும் சேத்து இழுத்துப் போட்டுக்கோங்க. சோர்ஸ் மானிட்டருக்குத் தனி பட்டன் எடிட்டர், இங்க போட்டது அங்க வராது.

இப்ப டைம்லைன்ல ஆரம்ப இடத்துக்குப் போய் ஐ (I) கீ, முடியுற இடத்துக்குப் போய் ஓ (O) கீ அமுக்குங்க. லூப் பட்டனை ஆன் பண்ணுங்க, நீலமா மாறும். அடுத்து ஸ்பேஸ் பாரைத் தொடாதீங்க. விண்டோஸ்ல கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸ், மேக்ல ஆப்ஷன் + கே. இதுதான் ப்ளே இன் டு அவுட். இனிமே நீங்க நிறுத்துற வரைக்கும் அந்த ரேஞ்ச் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்.

லூப்புக்கு ரெடிமேட் ஷார்ட்கட் கிடையாது. கண்ட்ரோல் + ஆல்ட் + கே அமுக்கி கீபோர்டு ஷார்ட்கட்ஸ் விண்டோவைத் திறந்து லூப்னு தேடி நீங்களே ஒரு கீ குடுத்துக்கலாம், ஒரு நிமிஷ வேலை, செஞ்சு வெச்சுட்டா அப்புறம் மவுஸுக்கே போக வேண்டாம்.

ஐ, ஓ ரெண்டையும் கையால வைக்க சோம்பலா இருந்தா, ஒரு க்ளிப் மேல ப்ளேஹெட்டை வெச்சு எக்ஸ் அமுக்கினா அந்த க்ளிப்போட ஆரம்பமும் முடிவும் தானா மார்க் ஆகிடும். எந்த ட்ராக் டார்கெட் ஆகியிருக்கோ அதுல இருக்குற க்ளிப்பைத்தான் அது எடுக்கும், அதனால "நான் மேல இருக்குற டைட்டிலை மார்க் பண்ணச் சொன்னா இது கீழ இருக்குற வீடியோவை எடுக்குதே"ன்னு தோணுச்சுன்னா இடது பக்கம் ட்ராக் பட்டன் எது எரியுதுன்னு பாருங்க. நாலஞ்சு க்ளிப்பை சேத்து செலக்ட் பண்ணிட்டு ஸ்லாஷ் கீ அமுக்கினா மொத்த செலக்ஷனும் ரேஞ்ச் ஆகிடும், எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்ச வழி.

எந்தப் பேனல் ஆக்டிவ்னு கவனிங்க, இதுல ரொம்பப் பேர் மாட்டிக்கிறாங்க. சோர்ஸ் மானிட்டரைச் சுத்தி நீலக் கோடு இருக்கும்போது ஐ, ஓ அமுக்கினா சோர்ஸ் க்ளிப்லதான் மார்க் விழும், டைம்லைன்ல ஒண்ணும் மாறாது. ஷிஃப்ட் + 3 அமுக்கி டைம்லைனுக்கு வந்துட்டு அப்புறம் மார்க் வைங்க.

ஒரே ஒரு கட்டை மட்டும் நுணுக்கமா பாக்கணும்னா இத்தனையும் தேவையே இல்ல. கட் இருக்குற இடத்தை டபுள் க்ளிக் பண்ணுங்க, ட்ரிம் மோடு வரும், வெளியே போற க்ளிப்போட கடைசி ஃப்ரேமும் உள்ள வர்ற க்ளிப்போட முதல் ஃப்ரேமும் பக்கத்துப் பக்கத்துல தெரியும். அதுல ஸ்பேஸ் தட்டினா கட்டைச் சுத்தி மட்டும் தானா லூப் ஓடும். அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே கண்ட்ரோல் + இடது அம்பு, கண்ட்ரோல் + வலது அம்பு தட்டினா கட் ஒரு ஃப்ரேம் முன்னாடி பின்னாடி நகரும், மேக்ல கண்ட்ரோலுக்குப் பதில் ஆப்ஷன். ஷிஃப்டையும் சேத்துப் புடிச்சா அஞ்சு அஞ்சு ஃப்ரேமா நகரும். கட்டுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு ஓடணும்ங்கறதை ப்ரிஃபரன்ஸஸ்ல ப்ளேபேக் பக்கத்துல ப்ரீரோல், போஸ்ட்ரோல்னு இருக்குற நம்பர்ல மாத்திக்கலாம், எடுத்தவுடனே ரெண்டு ரெண்டு செகண்டா இருக்கும். வசனம் இருக்குற சீன்னா ப்ரீரோலை மூணு செகண்டா ஏத்திக்கோங்க, ஒரு வாக்கியத்தோட பாதியிலேருந்து கேட்டா கட் சரியா இருந்தாலும் காதுக்குத் தப்பாத்தான் படும்.

டாவின்சி ரிசால்வ்

இங்க லூப் பட்டன் வியூவர் கீழ ப்ளே பட்டன் பக்கத்துலயே இருக்கு, ஷார்ட்கட்டும் உண்டு, கண்ட்ரோல் + ஸ்லாஷ், மேக்ல கமாண்ட் + ஸ்லாஷ். ரேஞ்ச் வைக்க அதே ஐ, ஓ, க்ளிப் முழுசுக்கும் எக்ஸ். ஓட்டுறதுக்கு ஆல்ட் + ஸ்லாஷ், மேக்ல ஆப்ஷன் + ஸ்லாஷ். வெறும் ஸ்லாஷ் தட்டினா ப்ளேஹெட் நிக்குற ஃப்ரேமைச் சுத்தி முன்ன பின்ன கொஞ்சம் ஓட்டிக் காட்டும், சும்மா ஒரு கட்டை எட்டிப் பாக்க அதுவே போதும். ஆக ஸ்லாஷ் கீ ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கிட்டாலே ரிசால்வ்ல இந்த மொத்த வேலையும் முடிஞ்சிடும். மார்க்கை எடுக்க ஆல்ட் + எக்ஸ்.

ஃபைனல் கட் ப்ரோ

கமாண்ட் + எல் லூப் ஸ்விட்ச். க்ளிப் மேல ஸ்கிம்மரை (மவுஸோட சேந்து நகர்ற கோடு) வெச்சு எக்ஸ் அமுக்கினா அந்த நீளம் ரேஞ்சா செலக்ட் ஆகும், இல்லைன்னா ஆர் அமுக்கி ரேஞ்ச் டூலை எடுத்து வேண்டிய அளவுக்கு இழுத்துக்கலாம். அப்புறம் ஸ்லாஷ், அதுதான் ப்ளே செலக்ஷன். ஆப்ஷன் + எக்ஸ் ரேஞ்சை அழிச்சிடும். லூப் ஆன்ல இருக்கும்போது ஸ்பேஸ் தட்டினா இங்கயும் முழு ப்ராஜெக்ட்தான் சுத்தும், அதே பழைய கதை.

மத்ததெல்லாம்

வேகாஸ் ப்ரோல இது ரொம்ப சுலபம். 1999ல சோனிக் ஃபவுண்ட்ரி அதை வெளியிட்டப்ப அது ஆடியோ வேலைக்கான சாஃப்ட்வேராத்தான் வந்துச்சு, ஆடியோ ஆளுங்களுக்கு லூப் இல்லாம வேலையே ஓடாது, அந்தப் பழக்கம் இன்னும் அப்படியே இருக்கு. க்யூ அமுக்கினா லூப் ஆன். ரூலருக்கு மேல இருக்குற பட்டையில மவுஸால இழுத்தா லூப் ரீஜன் விழும், இல்லைன்னா க்ளிப்பையே டபுள் க்ளிக் பண்ணினா அதோட நீளத்துக்கு விழும். இதுல ஸ்பேஸ் பாரே போதும்.

கேடென்லைவ்ல ரேஞ்சுக்குப் பேரு ஸோன். ப்ரொஜெக்ட் மானிட்டர்ல ஐ, ஓ வெச்சுட்டு மானிட்டர் மெனுவுல லூப் ஸோன் குடுங்க, ப்ளே ஸோன்னு பக்கத்துலயே ஒண்ணு இருக்கும், அது ஒரே தடவை ஓடி நின்னுடும். ப்ளெண்டர்ல ப்ளேபேக் எப்பவுமே லூப்தான், டைம்லைன்ல மவுஸை வெச்சு பி (P) அமுக்கி ஒரு பகுதியைக் கட்டம் கட்டினா அதுக்குள்ள மட்டும் சுத்தும், ஆல்ட் + பி (P) அதை எடுத்துடும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ரேஞ்சுக்குப் பேரு ஒர்க் ஏரியா, பி (B) கீ அதோட ஆரம்பம், என் (N) கீ அதோட முடிவு. ப்ரிவியூ தானா லூப் ஆகும், ஆகலைன்னா ப்ரிவியூ பேனல்ல லூப் ஐகானைப் பாருங்க. அதே பேனல்ல ரேஞ்ச்னு ஒரு மெனு இருக்கு, ஸ்பேஸ் பாருக்கு அது எடுத்தவுடனே "ஒர்க் ஏரியா எக்ஸ்டெண்டட் பை கரெண்ட் டைம்"ல நிக்கும், அப்படின்னா ப்ளேஹெட் ஒர்க் ஏரியாவுக்கு வெளியில இருந்தா அங்க வரைக்கும் இழுத்துக்கிட்டு ஓடும். வெறும் ஒர்க் ஏரியான்னு மாத்திட்டா தொல்லை விட்டுச்சு. முதல் சுத்து மெதுவாத்தான் போகும், மேல பச்சைக் கோடு நிரம்பின பிறகு நிஜ வேகத்துல ஓடும், அந்தப் பச்சைக் கோடு வர்றதுக்கு முன்னாடி டைமிங் பத்தி எந்த முடிவும் எடுக்காதீங்க.

ரேஞ்சை எங்க வைக்கிறதுங்கறதுதான் விஷயமே

பட்டன் எங்க இருக்குன்னு யார் வேணா கண்டுபிடிச்சிடலாம். லூப் உபயோகமா இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது நீங்க எங்க இன் வைக்கிறீங்க, எங்க அவுட் வைக்கிறீங்கங்கறது.

ஒரு கட்டைப் பாக்குறீங்கன்னா கட்டை லூப்போட ஓரத்துல விடாதீங்க, நடுவுல இருக்கணும். முன்னாடி ரெண்டு மூணு செகண்ட், பின்னாடி ரெண்டு செகண்ட். ஏன்னா லூப் முடிஞ்சு ஆரம்பத்துக்குத் தாவுற இடம் இருக்கே, அதுவே கண்ணுக்கு ஒரு கட் மாதிரிதான். உங்க நிஜ கட் அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தா ரெண்டும் கலந்து போய் எது எதுன்னே தெரியாது. லூப் மொத்தமே ஒரு செகண்ட்தான்னா தலை சுத்தும், பதினஞ்சு செகண்ட்னா போன சுத்துல என்ன பாத்தோம்ங்கறதே மறந்துடும். நாலுலேருந்து எட்டு செகண்ட் வரைக்கும் வெச்சுக்கிட்டா நல்லா இருக்கும்ங்கறது என் கணக்கு.

மியூசிக்குக்கு கட் பண்றீங்கன்னா இன்னொரு கணக்கு வேணும். லூப்போட நீளம் முழு முழு பாரா இருக்கணும், இல்லைன்னா ஒவ்வொரு தடவை தாவும்போதும் பீட் இடறும், அந்த இடறலே உங்க கட் தப்பா இருக்குற மாதிரி காட்டும். 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்ங்கற கணக்கு) பாட்டுன்னா ஒரு பீட் அரை செகண்ட், நாலு பீட் சேந்த ஒரு பார் ரெண்டு செகண்ட், அப்ப நாலு பாருக்கு 8 செகண்ட். இதுல ஒரு வேடிக்கை, 25 ஃப்ரேம் டைம்லைன்ல அரை செகண்ட்னா பன்னெண்டரை ஃப்ரேம், அரை ஃப்ரேம்ல கட் பண்ண முடியாது, அதனால ஒண்ணு விட்ட ஒரு பீட் ஃப்ரேம் மேல சரியா உக்காராது. ஆனா பார் கணக்குல போனா 50 ஃப்ரேம், கச்சிதமா உக்காரும். பாட்டு 90 பிபிஎம்னா ஒரு பார் ரெண்டே முக்கால் செகண்டுக்கு கொஞ்சம் கம்மி, அது ஃப்ரேம்ல உக்காராது, மூணு பார் சேத்தா சரியா 8 செகண்ட், 200 ஃப்ரேம். கால்குலேட்டர்ல 60ஐ பிபிஎம்மால வகுத்து, வர்றதை பீட் எண்ணிக்கையால பெருக்குங்க, வேற ஒண்ணுமில்ல.

லூப் முடியுற இடத்துல ஒரு ஃப்ளாஷ் அடிக்குதா?

இது ரொம்ப காமன். கீழ் அம்பு அமுக்கி அடுத்த கட்டுக்குத் தாவி அங்கயே ஓ அமுக்கியிருப்பீங்க. தாவும்போது ப்ளேஹெட் வந்து நிக்குறது அடுத்த க்ளிப்போட முதல் ஃப்ரேம்ல, அவுட் பாயின்ட் தான் நிக்குற ஃப்ரேமையும் சேத்துக்கும், அதனால அடுத்த க்ளிப்லேருந்து ஒரே ஒரு ஃப்ரேம் லூப்போட வாலா ஒட்டிக்கும். 25 ஃப்ரேம்ல அது 40 மில்லிசெகண்ட், என்னன்னு பாக்க முடியாது ஆனா கண்ணுக்குச் சுருக்குன்னு படும். தாவினதும் இடது அம்பை ஒரு தடவை தட்டிட்டு அப்புறம் ஓ அமுக்குங்க. எக்ஸ் அமுக்கி மார்க் பண்ணினா இந்தப் பிரச்சினை வராது.

ஃப்ளாஷ் இல்ல, தாவும்போது ஒரு திணறல்னா அது வேற விஷயம். ஃபோன்லயும் நிறைய கேமராவுலயும் வர்ற எச் 264, எச் 265 ஃபைல்ல எல்லா ஃப்ரேமும் முழுசா இருக்காது, இடையிடையில ஒரு முழு ஃப்ரேம், நடுவுல இருக்குறதெல்லாம் பக்கத்து ஃப்ரேமுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்ங்கற குறிப்பு மட்டும். உங்க இன் பாயின்ட் நடுவுல எங்கயோ விழுந்திருந்தா சாஃப்ட்வேர் பின்னாடி போய் அந்த முழு ஃப்ரேமைப் புடிச்சு அங்கேருந்து கணக்குப் போட்டுக்கிட்டு வரணும், ஒவ்வொரு சுத்துலயும். அதுதான் திணறல். ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் மாதிரி ஃபார்மட்ல ப்ராக்ஸி (எடிட் பண்றதுக்கு மட்டும் வெச்சுக்கிற லேசான காப்பி) போட்டா ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியா இருக்கும், சட்டுன்னு தாவும். ப்ராக்ஸி வேண்டாம்னா ப்ளேபேக் ரெசொல்யூஷனை பாதியோ கால்வாசியோ குறைச்சுப் பாருங்க. எஃபெக்ட் நிறைய இருந்தா ப்ரீமியர்ல சீக்வென்ஸ் மெனுவுல ரெண்டர் இன் டு அவுட் குடுத்தா சிவப்புக் கோடு பச்சையாகும், ரிசால்வ்ல ப்ளேபேக் மெனுவுல ரெண்டர் கேஷை ஸ்மார்ட்ல வெச்சா சிவப்பு நீலமாகும், ஃபைனல் கட்ல செலக்ட் பண்ணிட்டு கண்ட்ரோல் + ஆர். எதையாவது மாத்தினா மறுபடி ரெண்டர் ஆகணும்ங்கறதால கலர் பண்ணிக்கிட்டு இருக்கும்போது இது அவ்வளவா உதவாது, டைமிங் பாக்கும்போது உதவும்.

சவுண்டுல தாவுற இடத்துல டக்குன்னு ஒரு சத்தம் கேட்டா பயப்பட வேண்டாம். அலை பாதி உயரத்துல இருக்கும்போது வெட்டிட்டு வேற உயரத்துல ஆரம்பிக்கிறதால வர்றது அது, லூப்போட தாவல்ல மட்டும்தான் இருக்கும், எக்ஸ்போர்ட்ல வராது. அதைச் சரி பண்றேன்னு அங்க ஃபேடு போட்டு வெக்காதீங்க.

ஆடியோ லெவல் வைக்க லூப் மாதிரி வசதி எதுவும் கிடையாது, ஓட விட்டுட்டு ஃபேடரை நகர்த்திக்கிட்டே கேக்கலாம். ப்ரீமியர்ல ஆடியோ ட்ராக் மிக்ஸரைத் தொடும் முன்னாடி மட்டும் அந்த ட்ராக்கோட ஆட்டோமேஷன் மோடு ரைட், டச், லாட்ச்ல எதுலயும் இல்லைன்னு பாத்துக்கோங்க, இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் உங்க கை அசைவெல்லாம் கீஃப்ரேமா (இந்த இடத்துல லெவல் இவ்வளவுங்கற குறியா) எழுதிக்கிட்டே போகும். ரீட்ல இருந்தா, அந்த ட்ராக்ல முன்னாடி எழுதின கீஃப்ரேம் இல்லாத பட்சத்துல, நீங்க வெச்ச லெவல் மொத்த ட்ராக்குக்கும் நிக்கும். இந்த லூப்புக்காக ஏத்தினது படம் பூரா ஏறியிருக்கும்ங்கறதை மறந்துடாதீங்க.

கலருக்கு லூப் போடும்போது இன்னொண்ணு. கண்ணு சீக்கிரம் பழகிடும். ஒரே ஷாட்டை இருபது தடவை பாத்தா லேசா இருக்குற பச்சை சாயம் வெள்ளையாவே தெரிய ஆரம்பிக்கும். அதனால லூப்ல ஒரு மாத்தம் பண்ணினா லூப்பை நிறுத்திட்டு அரை நிமிஷம் பின்னாடி போய் அங்கேருந்து நேரா ஓட்டிப் பாருங்க, ஷாட் பக்கத்து ஷாட்டோட ஒட்டுதா இல்லையான்னு அப்பத்தான் தெரியும். கட்டுக்கும் இதே கதைதான், லூப்ல பாத்துப் பாத்து ஃப்ரேம் ஃப்ரேமா இறுக்கின கட், சீனோட ஓட்டத்துல பாத்தா அவசரப்படுற மாதிரி இருக்கும்.

லூப் போட்டா எக்ஸ்போர்ட்லயும் லூப் ஆகுமா?

ஆகாது. இது எடிட் பண்றவங்க பாக்குறதுக்கு மட்டும், ஃபைலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வீடியோவே திரும்பத் திரும்ப வரணும்னா அந்த க்ளிப்புகளை நெஸ்ட் பண்ணியோ காம்பவுண்ட் க்ளிப் ஆக்கியோ (ரெண்டுமே பல க்ளிப்பைச் சேத்து ஒரே க்ளிப் மாதிரி கட்டுறதுதான்) வேண்டிய தடவை காப்பி பேஸ்ட் பண்ணுங்க. தையல் தெரியாம இருக்கணும்னா க்ளிப்பை நடுவுல வெட்டி, பின்பாதியை முன்னாடி வெச்சு, முன்பாதியை பின்னாடி வெச்சு, ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு டிசால்வ் (ஒண்ணு மங்க மங்க இன்னொண்ணு தெரியுற மாத்தம்) போடுங்க. இப்ப கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும் ஒரிஜினல்ல அடுத்தடுத்து இருந்தது, அதனால திரும்ப ஆரம்பிக்கும்போது தாவலே தெரியாது. இதைச் செக் பண்ண லூப் ப்ளேபேக்கை விட நல்ல வழி இல்ல, முழு சீக்வென்ஸையும் சுத்த விட்டுப் பாருங்க, இதுக்கு மட்டும் ஸ்பேஸ் பாரே சரி.

எக்ஸ்போர்ட்க்கு முன்னாடி மார்க்கை எடுத்துடுங்க, இதை மறந்தா வலிக்கும். லூப்புக்குன்னு வெச்ச இன் அவுட் டைம்லைன்லயே உக்காந்திருக்கும், எக்ஸ்போர்ட் விண்டோ அதைப் பாத்துட்டு அந்த அஞ்சு செகண்டை மட்டும் அழகா எக்ஸ்போர்ட் பண்ணிக் குடுக்கும். ப்ரீமியர்ல கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எக்ஸ், மேக்ல ஆப்ஷன் + எக்ஸ் அமுக்கி மார்க்கை அழிங்க, அழிக்க மனசில்லைன்னா எக்ஸ்போர்ட்ல ரேஞ்ச் மெனுவை முழு சீக்வென்ஸுக்கு மாத்துங்க. ரிசால்வ்ல டெலிவர் பக்கத்துல டைம்லைனுக்கு மேல ரெண்டர்னு இருக்குற மெனு என்டையர் டைம்லைன்ல நிக்கணும். எக்ஸ்போர்ட் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி அங்க காட்டுற மொத்த நீளத்தை ஒரு தடவை பாத்துட்டு அமுக்குங்க.